படத்துக்குள் மனிதர் வேண்டாம்

போன மாதம் கஜனி வீட்டுக்கு வந்தாள். கிளிநொச்சியில் நான் வேலை பார்த்த கந்தோரில் இப்போது என் கதிரையில் இருக்கிற பிள்ளை அவள். வன்னியில் மிஞ்சிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் படம் பிடித்துப் பதிந்து வைப்பதுதான் எங்கள் பகுதியின் வேலை. நான் கழுத்தில் கமெராவைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அவள் ஆகாயத்தில் டிரோனைப் பறக்க விடுகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்தவள் தேத்தண்ணீரைக் கூடத் தொடாமல் தொடங்கினாள்.

“றெஜினா அன்ரி, இரணைமடுக் குளத்துக்குக் கீழ ஒரு ஊர். டிரோன் மேல எழும்பினதுதான் தாமதம், சனம் ஓடி ஓடி உடுப்புக் காயப் போடுது. மழை இருட்டிக்கொண்டு நிக்குது, அப்பவும் போடுது. அலுமாரியில மடிச்சு வைச்ச பட்டுச் சேலையெல்லாம் கொடியில. ஒரு மனுசி சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்து முத்தத்தில பரப்புறா. அந்தப் பழைய ஓவசியர் குவாட்டர்ஸ் எவ்வளவு வடிவு! படத்தில பாத்தா சந்தைக் கடை மாதிரிக் கிடக்கு. ஏன் அன்ரி இந்தச் சனத்துக்கு உந்த விசர்?”

எனக்குச் சிரிப்பு வந்து புரைக்கேறிவிட்டது.

“எடி பிள்ளை, அந்த விசருக்கு நானும் ஒரு காரணம். இரு, சொல்லுறன்” என்றேன். சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கஜனிக்குச் சொல்லாமல் விட்ட இடங்களும் இதில் இருக்கின்றன.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சந்தேகக்காரி. மறைக்க என்ன இருக்கிறது? முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். என் ஐயா கடல் அலையில்லாமல் கண்ணாடியாகக் கிடந்தால்தான் கூடப் பயப்படுவார். “இண்டைக்கு என்னத்தையோ ஒளிச்சு வைச்சிருக்கு” என்பார். அந்த இரத்தம்தானே எனக்கும். மீன் வாங்கினால் செவுளைப் பிளந்து பார்ப்பேன், பிறகு மணந்து பார்ப்பேன், பிறகும் விற்றவனின் முகத்தைப் பார்ப்பேன். என் மனுசன் உயிரோடு இருந்த காலத்தில், “உன்னைக் கட்டினதுக்கு நான் ஒரு பொலிஸ்காரியைக் கட்டியிருக்கலாம், அவளுக்கு லீவாவது இருக்கும்” என்று பகிடி பண்ணுவார்.

தொழில் பழகியது வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில். எல்லாம் அடையாள அட்டைப் படம். இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் சிரிக்கச் சொன்னாலும் ஆர் சிரித்தது? ஒரு படத்தால் சோதனைச் சாவடி கடந்தவர்களும் உண்டு, ஒரு படத்தால் பிடிபட்டவர்களும் உண்டு. படம் என்றால் என்னவென்று நான் படித்தது அங்கேதான். சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பத் தொடங்கிய பிறகு, பழைய கட்டடங்களைப் பதிய ஆள் தேவை என்று கந்தோரில் எடுத்தார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தில்லைநாதன் ஐயா. பொறியியலாளர். மெலிந்த ஆள், மெல்லிய குரல். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். கோபம் வராத மனிதன் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறான்? பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேர்ட்டின் தலைப்பால் ஆறுதலாகத் துடைப்பார். துடைத்து முடிகிற நேரம் கேட்டவனுக்குக் கேள்வி மறந்துவிடும்.

இன்னொரு பழக்கம். பார்வையிடப் போகிற எந்த வீட்டிலும் அவர் வாய் நனைக்க மாட்டார். சனம் செவ்விளநீர் வெட்டிக்கொண்டு ஓடி வரும். தொடமாட்டார். தன்னுடைய பிளாஸ்க்கைக் கொண்டுவந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார். “ஒரு வீட்டுத் தண்ணி வாய்க்குள்ள போனா, அந்த வீட்டுச் சுவரில வெடிப்புத் தெரியாது, றெஜினா” என்பார்.

வேலை பழக்கியதும் அவர்தான். போன உடனே கமெராவை வெளியே எடுக்கக் கூடாது. கட்டடத்தை ஒருக்கால் சுற்றி நடக்க வேண்டும். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில், மேற்குச் சுவருக்குப் பின்னேரம். வடக்குச் சுவருக்கு மந்தாரமான நாள்தான் நல்லது. கமெராவை அண்ணாத்திப் பிடித்தால் நிமிர்ந்த சுவரும் படத்தில் பின்னால் சாய்ந்து நிற்கும். ஆகவே தூரப் போ, மேட்டில் ஏறு, ஆனால் கமெராவைச் சாய்க்காதே. நாலு பக்கமும் எடுத்த பிறகு மூலைகள், கதவின் பிணைச்சல், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டில் பொறித்த முத்திரை. உயரம் விளங்குவதற்காக, அளவு குறித்த ஒரு தடியைச் சுவரில் சாத்தி வைத்து ஒரு படம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை. படத்துக்குள் மனிதர் வேண்டாம். சைக்கிள் வேண்டாம், கொடியில் உடுப்பு வேண்டாம், கோழி கூட வேண்டாம். “மனுசர் நிண்டா பாக்கிறவன் மனுசரைத்தான் பாப்பான். கட்டடத்தை ஆர் பாக்கிறது?” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்த அளவுத் தடியால் வந்த கூத்தையும் சொல்ல வேண்டும். தடிக்கு ஒரு அடி சிவப்பு, ஒரு அடி வெள்ளை என்று நிறம் பூசித் தந்திருந்தார்கள். கரைப்பக்கம் ஒரு பழைய மாதா கோயிலுக்குப் போனேன். தடியைக் கோயில் முன் மணலில் குத்தி நிறுத்திவிட்டு, முக்காலி எடுக்க வாகனத்துக்குப் போய்த் திரும்பி வருகிறேன், ஊரில் ஈ காக்கை இல்லை. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களைக் காணவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, ஆள் இல்லை. கோயில் மணி மட்டும் நிற்காமல் அடிக்கிறது. மிதிவெடி எடுக்கிறவர்கள் ஆபத்தான இடத்தில் நட்டு வைக்கிற தடியும் சிவப்பு, வெள்ளைதானே! கோயில் மூப்பர் தூரத்தில் ஒரு வள்ளத்துக்குப் பின்னால் நின்று கத்தினார்.

“பிள்ளை, அசையாதை! நிண்ட இடத்திலயே நில்லு!”

“இது அளக்கிற தடி ஐயா!”

“அளந்து போட்டுத்தான் வெடிக்கிறதோ?”

அன்று மாலையே தடிக்கு நீலம் பூசினேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். எங்கள் சனம் சூடு காணாத அடுப்பே இல்லை. படம் பிடிக்கப் போனால் காணி பிடிக்க வந்தவள் என்று சனம் பார்க்கும். வேவு பார்க்க வந்தவள் என்று காவலில் நிற்கிறவன் பார்ப்பான். நான் இரண்டு பேரையும் பார்ப்பேன். இப்படித்தான் எங்கள் தொழில் நடந்தது.

இனி அந்த ஓவசியர் குவாட்டர்ஸ்.

இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓரம், வெள்ளைக்காரன் காலத்தில் நீர்ப்பாசன ஓவசியர் தங்குவதற்குக் கட்டியது. கல்லுச் சுவர், உயர்ந்த கூரை, முன்னால் நாலு உருண்டைத் தூண். மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் அதைக் கேட்டிருந்தார். திருத்தி உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக்கப் போகிறார்களாம். அதற்குப் படம் வேண்டும். அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று கந்தோரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஊர் அலுவல் பார்க்கிற விதானையாருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போனேன். கதவு சாத்தியிருந்தது. “வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!” என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. கொடி வெறுமையாகக் கிடந்தது. கிணற்றில் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. அடுப்புக் கிடந்த இடத்தை மண்ணால் மூடியிருந்தது. ஆனால் முற்றம்! ஈர்க்குமாற்றுக் கோடு கோடாக, ஒரு காலடி கூட இல்லாமல், அப்படிக் கூட்டிக் கிடந்தது. வேலி ஓரம் கவிழ்த்து வைத்த கரப்புக்குச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. அதற்குள் ஒரு கோழி அடிக்குரலில் முணுமுணுத்தது.

எனக்கு உடம்பெல்லாம் சந்தேகம். ஆளில்லாத வீட்டு முற்றத்தை ஆர் கூட்டுகிறது? களவாய் மணல் ஏற்றுகிற கூட்டமோ, கசிப்புச் சாராயம் காய்ச்சுகிற கூட்டமோ என்று நினைத்தேன். வயல் பக்கமிருந்து நாலு கண் முதுகில் குத்துவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் நெல்லுத்தான் அசைகிறது. என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே சுத்தமான படங்கள் அவை. நகர்த்தச் சொல்ல ஒரு சைக்கிள் இல்லை, ஒரு பழந்துணி இல்லை.

தில்லைநாதன் ஐயா படங்களை மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வடிவு. படத்தில ஒருத்தரும் இல்லை” என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு பெண் கந்தோர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள். கையில் கசங்கின நோட்டீஸ். படம் எடுத்த அன்று ஆளில்லாமல் கிடந்த அரச கட்டடத்துக்குள் பிறகு புகுந்து இருக்கிறார்களாம், எழும்ப வேண்டுமாம், மறுப்பு இருந்தால் நேரில் பார்க்க வருகிற நாளில் சொல்லலாமாம். அவள் பெயர் யோகேஸ்வரி. யோகம் என்று கூப்பிடுவார்கள்.

“ஆர் அந்தக் கண்டறியாத படத்தைப் பிடிச்சவா? வரச் சொல்லுங்கோ வெளியில!”

“நான்தான் பிடிச்சனான். சத்தம் போடாமல் கதையுங்கோ.”

“சத்தம் போடாமலோ? என்ர மாமா அந்த வாய்க்காலுக்குக் கதவு திறந்து பூட்டின மனுசன். அவருக்குக் குடுத்த வீடு அது. என்ர மனுசன் பிறந்தது அதுக்குள்ள. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, கூரையில்லாத சுவருக்குத் தறப்பாள் கட்டி இருந்தனாங்கள். ஓடு போட்டது எங்கட காசு. துண்டு, பத்திரம் எல்லாம் ஓடின ஓட்டத்தில போச்சு. இப்ப நாங்கள் அங்க இருக்கேல்லையாம்! உங்கட படம் சொல்லுதாம்!”

எனக்கும் ஏறிவிட்டது. “நான் தொண்டை கிழியக் கூப்பிட்டனானே! எங்கயணை போனனீங்கள்? உடுப்பு எங்க, வாளி எங்க, அடுப்பு எங்க?”

அவள் நோட்டீஸை மடித்தாள், விரித்தாள்.

“வயலுக்குள்ள கிடந்தனாங்கள்” என்றாள். “படம் பிடிக்க வருகினம் எண்டு விதானையார் சொன்னவர். அத்துமீறி இருக்கிற சனத்தைப் படத்தோட பிடிச்சு எழுப்பப் போகினம் எண்டு ஊரெல்லாம் கதை. அதுதான் ஒண்டும் வெளியில தெரியாமல் எல்லாத்தையும் அள்ளி ஒளிச்சனாங்கள். மகள் நாயின்ர வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தவள். நீங்கள் போற மட்டும் மூச்சு விடேல்லை.” அவளுடைய குரல் அப்போதுதான் உடைந்தது. “இருக்கிறம் எண்டு தெரிஞ்சா எழுப்புவினம் எண்டு ஒளிச்சம். ஒளிச்சபடியால் இல்லையாம். நாங்கள் என்னதான் செய்யிறது, சொல்லுங்கோவன்?”

இதை விளங்கிக்கொள்ள என்னை விட்டால் அந்தக் கந்தோரில் ஆர் இருந்தது? நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நேரே ஐயாவின் அறைக்குள் போனேன். முற்றம் தெரிகிற படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“ஆளில்லாத வீட்டு முத்தத்தை ஆர் சேர் கூட்டுறது?”

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “அண்டைக்கே கண்டனான்” என்றார்.

“கண்டிட்டோ பேசாமல் இருந்தனீங்கள்?”

“படத்தில ஒருத்தரும் இல்லை எண்டுதான் சொன்னனான். வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. அதை எழுதினது மேல இருக்கிறவை.” கண்ணாடி மறுபடியும் சேர்ட்டுத் தலைப்புக்குப் போனது. “பெரியவர் நேரில பாக்க வாறார். நீரும் கமெராவைக் கொண்டு வாரும்.”

இந்த மனிதன் எந்தப் பக்கம்? காசு வாங்கியிருப்பானோ? அந்த நோட்டீஸுக்கு வழி விட்டதே இவன்தானோ? சத்தியமாக எனக்குப் பிடிபடவில்லை. அன்றிரவு என் மனுசனிடம், “உந்த ஆள் பாம்பு” என்றேன். “உனக்குப் பாம்பாத் தெரியாத ஆள் ஆர்?” என்று கேட்டுவிட்டு அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பெரியவர் வருகிற நாள் காலையில், அவர்களுக்கு முன்னால் நான் பஸ் பிடித்து யோகம் வீட்டுக்குப் போய்விட்டேன். பார்த்தால், கொடி வெறுமை! முற்றம் பளிச்சென்று கிடக்கிறது. அடுப்பும் மூடிக் கிடக்கிறது.

“கோதாரி! ஏனணை இன்னும் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? எல்லாத்தையும் எடுத்து வெளியில போடுங்கோ. உடுப்பைப் போடுங்கோ. அடுப்பை மூட்டுங்கோ!”

யோகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

“ஏன்? வெளியில போட்டா, பழைய கட்டடத்தைச் சேரியாக்கி வைச்சிருக்கினம் எண்டு எழுதவோ? புகை பிடிச்சுச் சுவர் கறுத்துப் போச்சு எண்டு எழுதவோ? ஒருக்காப் படம் பிடிச்சுத் தெருவில விட்டனீங்கள். இப்ப ரெண்டாந் தரம் வந்து புத்தி சொல்லுறியள்.”

அவளுடைய மனுசன் சிவபாதம் தூணில் சாய்ந்து நின்றார். “அவா சொல்லுறது சரியா இருந்தால்?” என்று மெல்லக் கேட்டார்.

“பிழையா இருந்தால்?” என்றாள் யோகம்.

அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் கேட்டவள் நான்தானே. நெஞ்சைத் திறந்து காட்டவா முடியும்? கழுத்துச் சங்கிலியில் தொங்கின மாதா சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “என்னை நம்ப வேண்டாம். நானெண்டாலும் நம்பமாட்டன். ஆனா ஒளிச்சுப் பாத்தனீங்கள்தானே, என்ன நடந்தது? ஒருக்கா ஒளிக்காமல் இருந்து பாருங்கோவன்.”

வாய்க்கால் கரையில் ஜீப் சத்தம் கேட்டது. யோகம் என்னைப் பார்த்தாள், மனுசனைப் பார்த்தாள். பிறகு, “எடியே பிள்ளை, அலுமாரியைத் திற!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அம்மாடி! அதன் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்லுவேன். சேலை, சாரம், மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, படுக்கை விரிப்பு, கலியாணக் கூறை. கைக்கு அகப்பட்டதையெல்லாம் கிணற்றடி வாளிக்குள் முக்கி, பிழியாமல் கொடியில் எறிந்தாள். கொடி போதவில்லை. வேலியில் போட்டாள், நாலு உருண்டைத் தூணிலும் கயிறு கட்டிப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் என்னவென்றே கேட்காமல் தங்கள் உடுப்பையும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். கோழி, நாய், சைக்கிள், அம்மி என்று எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டது.

பெரியவர் ஜீப்பால் இறங்கி முற்றத்துக்குள் காலெடுத்து வைக்க, ஈரக் கூறைச்சேலை காற்றில் எழும்பி அவருடைய முகத்தில் பளாரென்று அடித்தது. நான் அதையும் படம் எடுத்தேன்.

அவர் முகத்தைத் துடைத்தபடி, “இங்க எத்தினை பேர் இருக்கிறீங்கள்?” என்று கேட்டார்.

யோகம் கொடியைக் காட்டினாள். “எண்ணிப் பாருங்கோ.”

பெரியவருக்கு முகம் சிவந்தது. “இதெல்லாம் இண்டைக்குச் செய்த சோடனை” என்றார். அதுவும் உண்மைதானே! யோகத்தின் மகள் அழத் தொடங்கினாள். ஒரு கணம், நான்தான் இந்தக் குடும்பத்தை இரண்டாம் தரமும் குழிக்குள் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது தில்லைநாதன் ஐயா மெல்ல முன்னால் வந்தார். தூணைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை.

“தங்கச்சி, நாவறட்சியாக் கிடக்கு. ஒரு தேத்தண்ணி தருவியளோ?”

எந்த வீட்டிலும் வாய் நனைக்காத மனிதர்! யோகம் குசினிப் பக்கம் போனாள். மண்ணை விலக்க, அடியில் காலைத் தணல் இன்னும் கண் விழித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு ஊது. புகை எழும்பியது. சீனிப் போத்தல் இருக்கிற மூலைக்கு அவள் பார்க்காமலே கை நீட்டினாள். ஐயா ஒரு பலகையை இழுத்துப் போட்டுக் குந்தி, பித்தளை மூக்குப் பேணியில் ஆறுதலாகக் குடித்தார்.

“சேருக்கும் ஒண்டு குடுங்கோ” என்றார். “தணல் புதைச்சு வைக்கிற வீட்டுத் தேத்தண்ணி நல்லா இருக்கும்.”

பெரியவர் அந்தத் தணலையும், புகை பிடித்த சுவரையும், பேணியையும் பார்த்தார். சோடனை என்ற சொல் அதன் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை. வாங்கிக் குடித்தார்.

அவர்கள் வாய்க்கால் கரையில் நின்று கதைத்துக்கொண்டிருந்த நேரம் நான் ஜீப்படிக்குப் போனேன். என் புத்தி என்னை விட்டுப் போகுமா? இருக்கையில் கிடந்த ஐயாவின் பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். கழுத்து வரைக்கும் தேத்தண்ணீர், ஆவி பறக்க.

அதைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கண்ணாடியைத் துடைத்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்த செய்தி கேட்ட அன்று குசினிக்குள் நின்று அழுதேன். பாம்பு என்று சொன்ன வாய் இதுதானே.

யோகத்தின் குடும்பத்தை எழுப்பவில்லை. விடுதிக் கதையும் அப்படியே அமுங்கிவிட்டது. ஆனால் கைக்குக் காணி உறுதிப் பத்திரம் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. இருக்கலாம் என்று வாயால் சொன்னதுதான். வாயால் சொன்னதை நம்பி ஆர் எங்கள் ஊரில் நித்திரை கொள்கிறது? அதனால்தான் கமெராவைக் கண்டால் அந்த ஊர் கொடியை நிரப்புகிறது.

கஜனி கதை முடியச் சிரித்தாள். “பாவம் அன்ரி, அது அந்தக் காலம். இப்ப நாங்கள் சும்மா வரைபடத்துக்குத்தான் எடுக்கிறம். அடுத்த மாதம் கிளிநொச்சி ரவுணையும் எடுப்பம். உங்கட வீட்டு ஒழுங்கையும் படத்தில வரும்.”

“சும்மாவோ?”

“சும்மாதான் அன்ரி.”

நேற்றுக் காலை குசினிக்குள் நின்றேன். மேலே வண்டு குடைகிற சத்தம். எட்டிப் பார்த்தால், பழைய புகையிரத நிலையப் பக்கமிருந்து அது வருகிறது. கஜனியின் டிரோன்தான். நல்ல பிள்ளை, என் கையால் சாப்பிட்ட பிள்ளை. நான் தனி மனுசி, எனக்கென்ன உடுப்பு? கொடி வெறுமையாகக் கிடந்தது. இந்த வளவுக்கும் பெர்மிட் மட்டும்தான், உறுதி கிடையாது.

அலுமாரியைத் திறந்தேன். சேலைகளை எடுத்துப் போட்டேன். பிறகு அடித் தட்டில் மடித்து வைத்திருந்த என் மனுசனின் சாரங்களையும் இரண்டு சேர்ட்டையும் எடுத்து உதறிப் போட்டேன். அவர் போய் எவ்வளவோ காலம். மேலே இருந்து பார்க்கிற படத்துக்கு அது தெரியவா போகிறது?

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“அன்ரி,” கஜனியின் குரலில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் அழுகையும் இருந்தது போலத்தான் பட்டது. “உங்கட வீட்டில எத்தினை பேர் இருக்கினம்?”

“எண்ணிப் பாரடி பிள்ளை” என்றேன்.